பள்ளிக்கூடம் போன தராசு

தென்காசி சாலையை விட்டுப் பிரிந்து ஒற்றைப் பேருந்து மட்டும் வந்து திரும்புகிற ஆலடிச்செவலில், நடுநிலைப் பள்ளியின் பழைய சத்துணவு அறையைக் கூட்டிப் பெருக்கி, சுவரில் படிந்திருந்த புகைக்கரியைச் சுரண்டி, ஒரு பாயும் ஒரு கரும்பலகையும் போட்டு, சிறப்புக் குழந்தைகளுக்கென்று ஒரு வகுப்பைத் தொடங்கிய ஆனி மாதத்தில்தான் தங்கப்பழம் அண்ணாச்சி கடைத் தராசு தன்னால் நடந்து பள்ளிக்கூடம் போனது.

வகுப்பை நடத்த வந்தவள் செலின் டீச்சர். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி, தினமும் முதல் பேருந்தில் வந்து கடைசிப் பேருந்தில் போகிறவள். அவளிடம் வந்து சேர்ந்த பிள்ளைகளில் மூன்று பேர் ஒருநாளும் தவறாமல் வந்தார்கள். வேல்மயிலுக்குப் பிறந்ததிலிருந்தே கைவிரல்கள் இறுக மூடியிருந்தன, நடக்கவும் முடியாது. ரிஸ்வானாவுக்குக் கண் தெரியாது. ஆவுடைக்கு எல்லாம் தெரிந்தது, ஆனால் பேச்சு இல்லை, யார் முகத்தையும் பார்ப்பதும் இல்லை, பள்ளிக்கூட முற்றத்துச் சரளைக்கல்லைப் பொறுக்கி வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பாள்.

கற்பிக்கப் பொருள் வேண்டும் என்று டீச்சர் மேலே எழுதிக் கேட்டிருந்தாள். வெகுநாள் கழித்து ஒரு பெரிய பெட்டி வந்தது. அதில் முழுக்க முழுக்கப் படங்கள். பனிக்கரடி, பனிவீடு, பனியில் சறுக்கிப் போகிற ஒரு வண்டி. ரிஸ்வானா முதல் படத்தைத் தடவிப் பார்த்தாள். "வழுவழுன்னு இருக்கு டீச்சர். அடுத்த படத்தக் குடுங்க" என்றாள். கொடுத்தாள். அதையும் மேலிருந்து கீழ்வரை தடவிவிட்டு, "இதுவும் அதே படந்தான் டீச்சர்" என்றாள்.

அன்று மதியம் தலைமையாசிரியர் வெயிலுமுத்துவிடம் செலின் டீச்சர் சொன்னாள்: "கனம்னா என்ன, லேசுன்னா என்னன்னு இந்தப் பிள்ளைங்களுக்குக் கையில குடுத்துத்தான் சார் சொல்லணும். ஒரு தராசு இருந்தாக்கூடப் போதும்."

"பாப்போம் டீச்சர்" என்றார் அவர். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை, தங்கப்பழம் அண்ணாச்சி கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது, புளியும் வற்றலும் நிறுப்பதற்காக ஆணியில் தொங்கிய பழைய தராசு கீழே இறங்கி, இரண்டு தட்டையும் இரண்டு பாதம்போல மாற்றி மாற்றி ஊன்றி, படியிறங்கித் தெருவில் நடக்கத் தொடங்கியது. அண்ணாச்சி வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போனார். "ஏய், எங்க போற?" என்று இரண்டு தடவை கேட்டார். அது தராசு என்பதால் பதில் சொல்லவில்லை. கிணற்றைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, சாக்கடையை ஒரு சின்னத் தாவலில் தாண்டி, அது சிறப்பு வகுப்பின் வாசலில் போய் நின்றது. செலின் டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள். அண்ணாச்சியைச் சொன்னாளா தராசைச் சொன்னாளா என்று தெரியாமல் இருவரும் உள்ளே போனார்கள்.

டீச்சர் வேல்மயிலின் மூடிய கைக்குள் மெதுவாக ஒரு புளியங்கட்டியைச் செருகி, அந்தக் கையைத் தட்டுக்கு மேலே கொண்டுபோனாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, பொழுது விடிகிற வேகத்தில், ஒவ்வொரு விரலாகத் திறந்து புளி தட்டில் விழுந்தது. தட்டு தாழ்ந்தது. வேல்மயில் தாழ்ந்த தட்டைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான், மறுபடி தட்டைப் பார்த்தான். அண்ணாச்சி அதற்கு மேல் அங்கே நிற்காமல் துண்டால் மூக்கைத் துடைத்தபடி கடைக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலம் பள்ளி விட்டதும் தராசு தானாக வந்து ஆணியில் ஏறித் தொங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அதன் நிறுவை அரைக்கால் அளவுகூடப் பிசகவில்லை. அதில் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பின. தையற்கடை ஷேக்மதார் பாயின் பட்டன் டப்பா தரையோடு தரையாக நகர்ந்து போய், ஆவுடைக்கு முன்னால் மூடியைத் திறந்துகொண்டது. சரளைக்கல்லை விட்டுவிட்டு அவள் பட்டன்களை நிறம்வாரியாக அடுக்கினாள், பிறகு துளைவாரியாக அடுக்கினாள், அதற்குப் பிறகு அடுக்கியது என்ன வரிசை என்று டீச்சருக்கே ஒரு வாரம் புரியவில்லை. அம்மன் கோவில் கைமணி ரிஸ்வானாவுக்காக வந்து, அறையின் எந்த மூலையில் இருக்கிறோம் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. தானியம் அளக்கிற உழக்கு வந்தது, நாழி வந்தது. யார் வீட்டிலிருந்தோ தேங்காய் துருவும் அரிவாள்மணை வந்து, பிள்ளைகள் இருக்கிற இடம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனது. தச்சு ஆசாரி வீட்டில் மரம் தேய்க்கிற சொரசொரப்பான உப்புக்காகிதம் எழுத்து எழுத்தாகத் தன்னைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. ரிஸ்வானா அதில் அகரத்தைத் தடவி, "இது வேற படம் டீச்சர்!" என்று கத்தியது தெருக்கோடிவரை கேட்டது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. காலை வேளையில் பெண்கள் பின்கதவை ஒருச்சாய்த்து வைத்தார்கள், போகிறது போக வசதியாக இருக்கட்டும் என்று. பேருந்து ஓட்டுநர் பள்ளிக்கூட முக்கில் வேகத்தைக் குறைத்து, கரண்டியோ கிலுகிலுப்பையோ சாலையைக் கடக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒலிப்பானை அடித்தார். முதலில் குரைத்த நாய்கள் பிறகு தலையைக்கூடத் தூக்கவில்லை. "உழக்க எங்கட்டி?" என்று ஒருத்தி கேட்டால், "பள்ளிக்கூடம் போயிருக்கு மதினி, சாயங்காலம் வந்துரும்" என்று அடுத்தவள் சொன்னாள். ஷேக்மதார் பாயிடம் சட்டை தைக்கக் கொடுத்தவர்கள் பட்டன் இல்லாத சட்டையை வாங்கிக்கொண்டு, நேரே வகுப்புக்குப் போய் ஆவுடை முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் சட்டையை ஒரு பார்வை பார்த்து, அதற்கு எது பொருந்துமோ அதை எடுத்து நீட்டினாள். அவள் மனிதர்களுக்கு எதையாவது நீட்டியது அதுதான் முதல் முறை என்பதால், அவளுடைய அம்மா பீடி சுற்றும் சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு வந்து, சன்னல் வழியே அதைப் பார்த்தபடி நின்றாள்.

சண்டையும் வராமல் இல்லை. யார் வீட்டுப் பொருள் போகிறது, யார் வீட்டுப் பொருள் போகவில்லை என்பது பெரிய பேச்சானது. மேலத்தெருவில் ஒருத்தி தன் பித்தளைக் கரண்டியைப் புளிபோட்டு விளக்கி, மஞ்சள் தடவி, வாசலில் பள்ளிக்கூடத்தைப் பார்த்து வைத்து, "போயேன், உனக்கு என்ன கேடு?" என்று மன்றாடினாள். கரண்டி அசையவில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு ஓட்டைச் சல்லடை அவள் கண்முன்னால் குதித்துக் குதித்துப் போனது. இரண்டு வீட்டுக்கும் கார்த்திகைவரை பேச்சில்லை.

ஒரே ஒரு வீடு மட்டும் இதில் எதிலும் சேரவில்லை. அது நெல் அரைக்கும் மில் வைத்திருந்த உலகநாதனின் வீடு. பள்ளி நிர்வாகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஊரெல்லாம் கதவை ஒருச்சாய்த்து வைத்த மாதங்களில் அவர் மட்டும் பின்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டார். கோபக்காரர் இல்லை, கெட்டவரும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். "பொருளுன்னா இருக்கிற எடத்துல இருக்கணும்" என்று வெயிலுமுத்து சாரிடம் சொன்னார். "வீட்டுக்குள்ள இருக்கிறது தெருவுக்கு வந்தா நல்லால்ல சார். அந்தப் பிள்ளைகளை ஒன்றிய மையத்துக்கு அனுப்பிருவோம். அங்க எல்லாம் இருக்கு."

"அங்க போக ரெண்டு பஸ்ஸு மாறணுமே அண்ணாச்சி. வேல்மயில அவுங்க அம்மா தூக்கிட்டுத்தான வாரா?"

"லீவு முடிஞ்சு கூட்டம் போடுவோம். அதுல முடிவு பண்ணிக்கிடலாம்."

தலைவர் சொன்னால் குழு கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அரையாண்டு விடுமுறை விட்ட அன்று செலின் டீச்சர் அறையைப் பூட்டுவதற்கு முன் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். ரிஸ்வானா அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "லீவு முடிஞ்சு நாம இங்கதான இருப்போம்?" என்று கேட்டாள். டீச்சர் அவளுக்குப் பொய் சொல்ல விரும்பாமல், தலையைத் தடவிக்கொடுத்தாள்.

விடுமுறை நாள்களில் பொருள்கள் வீட்டைவிட்டுக் கிளம்பியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தெரியும், தீபாவளி தெரியும், மழைக்கு விட்ட லீவுகூட அவற்றுக்குத் தெரிந்திருந்தது. அதனால் மார்கழியில் ஒருநாள் காலை, தெருவெல்லாம் கோலம் போட்டு முடிந்திருந்த நேரத்தில், தங்கப்பழம் அண்ணாச்சியின் தராசு ஆணியிலிருந்து இறங்கியபோது, "இன்னைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது" என்று அவர் எடுத்துச் சொன்னார். அது கேட்கவில்லை. பட்டன் டப்பா கிளம்பியது. உழக்கும் நாழியும் கிளம்பின. கைமணி ஒலிக்காமல் வந்தது. உப்புக்காகித எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு கோலத்தையும் மிதிக்காமல், புள்ளிகளுக்கு இடையே கால்வைப்பதுபோல ஓரமாகப் போயின. பள்ளிக்கூட முக்கு வந்ததும் எல்லாம் மறுபக்கம் திரும்பின. திரும்பி, மில் தெருவுக்குள் நுழைந்து, உலகநாதன் வீட்டுப் பின்வாசலில், அந்த இரும்புக் கதவின் முன்னால், அரை வட்டமாக நின்றன.

ஊரும் பின்னாலேயே வந்து நின்றது.

உலகநாதன் வெளியே வந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. "அவங்கவங்க பொருள அவங்கவங்க எடுத்துட்டுப் போங்க" என்றார். தங்கப்பழம் அண்ணாச்சி தராசைத் தூக்கக் குனிந்தார். ஒற்றைக் கையால் தூக்குகிற தராசு, நாலு பேர் சேர்ந்து இழுத்தும் பூமியோடு வளர்ந்த மரம்போல நின்றது. ஷேக்மதார் பாய் கீழே விழுந்து கிடந்த ஒரு பட்டனை எடுக்கப் பார்த்தார். நகத்தை விட்டு நெம்பினார். "அல்லா, ஒரு பட்டன் வரமாட்டேங்குதே" என்று நிமிர்ந்து விரலை ஊதினார். பிறகு யாரும் எதையும் தொடவில்லை. வெயில் ஏறியது. கோழிகள் தராசுக்கும் நாழிக்கும் நடுவே நடந்து தானியம் தேடின. யாரோ டீ வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார்கள், உலகநாதனுக்கும் ஒன்று கொடுத்தார்கள், அவர் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

வெயிலுமுத்து சார் போனில் சொல்லி, செலின் டீச்சர் மத்தியானப் பேருந்தில் வந்து இறங்கினாள். பொருள்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவரிடம் போனாள்.

"அண்ணாச்சி, இதுங்க பிள்ளைங்க இருக்கிற இடத்துக்குத்தான் போகும். உங்க வீட்டுல யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல. நானும் எங்க வீட்டுக்காரியுந்தான்."

அப்போது கதவுக்கு உள்ளே, பூட்டிய அறையிலிருந்து, யாரோ முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே முனகுவதுபோல ஒரு நீண்ட ரீங்காரம் கேட்டது. பாட்டும் இல்லை, அழுகையும் இல்லை. வயதான சிலருக்கு மட்டும் அந்தக் குரல் ஞாபகம் இருந்தது. உலகநாதனுக்குப் பிரமநாயகி என்று ஒரு தங்கை உண்டு. சின்னவளாக இருந்தபோது தெருவில் பார்த்திருக்கிறார்கள். அவளை நாகர்கோவிலில் ஒரு விடுதியில் விட்டிருப்பதாக அவர் சொல்லியிருந்தார். கொஞ்ச காலம் கேட்டுவிட்டு, ஊர் கேட்பதை விட்டுவிட்டது.

அவர் மனைவி சண்முகவடிவு உள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். "இன்னும் எத்தன காலத்துக்குங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நான் கதவத் தொறக்கேன். உங்களுக்குப் பாக்க முடியலேன்னா மில்லுக்குப் போயிருங்க."

உலகநாதன் படியில் உட்கார்ந்துவிட்டார். ஊரைப் பார்க்காமல், டீச்சரை மட்டும் பார்த்துச் சொன்னார்.

"எங்க அம்மா சாகும்போது என் கையப் புடிச்சுக்கிட்டா டீச்சர். பிரமுவப் பாத்து ஒருத்தரும் சிரிக்கக் கூடாதுடான்னா. சரிம்மான்னேன். கதவச் சாத்திட்டா சிரிக்க ஆளு இருக்காதுல்லா? எனக்கு வேற வழி தெரியல. நான் அவள அடிச்சதில்ல, பட்டினி போட்டதில்ல. ராத்திரிச் சோறு நாந்தான் ஊட்டுதேன், எவ்வளவு வேல இருந்தாலும்."

டீச்சர் அவரைக் குறை சொல்வாள் என்று ஊர் காத்திருந்தது. அவள் அவருக்குப் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள்.

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "மழை பிடிக்கும். மழ வந்தா சன்னலுக்கிட்டயே நிப்பா. அப்புறம் நெல்லு. நெல்ல அள்ளி அள்ளி விரலுக்கு நடுவுல விடுவா, அது விழுற சத்தத்தக் கேட்டுக்கிட்டே இருப்பா. மில்லுலேருந்து தெனமும் ஒரு பை நெல்லு கொண்டாந்து குடுப்பேன். ஒருநாள் குருணையக் குடுத்தேன், வேண்டாம்னு தள்ளிட்டா. சன்ன ரகம், மோட்டா ரகம் எல்லாம் வித்தியாசம் தெரியும் அவளுக்கு."

"அப்படின்னா நீங்களும் பொருள் கொண்டுவந்து குடுத்துட்டுத்தான் இருந்திருக்கீங்க" என்றாள் டீச்சர்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து, மடியிலிருந்த சாவியை எடுத்து இரும்புக் கதவை அவரே திறந்தார். உள்ளறைக் கதவையும் அவரே திறந்தார்.

பொருள்கள் முந்தியடிக்கவில்லை. முதலில் தராசு, பிறகு பட்டன் டப்பா, பிறகு மற்றவை என்று, கல்யாண வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதுபோல ஒவ்வொன்றாகப் போயின. பட்டன் டப்பாவின் பின்னாலேயே ஆவுடை போனாள். அவள் அம்மா தடுக்கப் பார்த்து, பிறகு விட்டுவிட்டாள்.

பிரமு தரையில் உட்கார்ந்திருந்தாள். முப்பதைத் தாண்டியவள், எண்ணெய் வைத்து வாரிப் பின்னிய தலையில் அங்கங்கே நரை, துவைத்து மடித்த நைட்டி, முன்னால் ஒரு தாம்பாளம் நிறைய நெல். ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தராசைப் பார்த்தாள். ஆவுடை அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், ஒரு தட்டில் பட்டன்களைக் கொட்டினாள். அந்தத் தட்டு இறங்கி, எதிர்த்தட்டு பிரமுவின் மோவாய் வரைக்கும் உயர்ந்து ஆடியது. பிரமு ஒரு கை நெல்லை அள்ளி அதில் விட்டாள். கொஞ்சம் இறங்கியது. இன்னொரு கை விட்டாள். இன்னும் இறங்கியது. மூன்றாவது கைக்கு அது சட்டென்று தரையைத் தொட்டு, பட்டன் தட்டு மேலே துள்ளி, பட்டன்கள் மழைபோல அறையெங்கும் சிதறின.

பிரமு சிரித்தாள். வாய்விட்டு, தோள் குலுங்க, தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். வாசலில் நின்ற யாரோ ஒருவர் கூடவே சிரித்துவிட்டு, பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் உலகநாதனைப் பார்த்தார்கள். அவர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முதலில் அழுகைக்குத்தான் போனது, பாதிவழியில் அவரையறியாமல் சிரிப்பாகிவிட்டது. அதன்பிறகு சண்முகவடிவு சிரித்தாள், ஊரும் சிரித்தது. ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் சிரித்ததால் சிரித்தார்கள்.

நிர்வாகக் குழுக் கூட்டம் நடக்கவே இல்லை. தேதி குறிக்கத் தலைவருக்கு நேரமில்லை என்று வெயிலுமுத்து சார் எல்லோரிடமும் சொன்னார். பிரமுவைச் சேர்ப்பதைப் பற்றி டீச்சர் கேட்டபோது அவர் நெற்றியைத் தேய்த்தார். "வயசு ரொம்ப ஆயிருச்சே டீச்சர், பேரச் சேக்க முடியாது." பிறகு, "உக்காரக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலல்லா?" என்று அவரே சொல்லிக்கொண்டு, இன்னொரு பாய் எடுத்துவரப் போனார்.

தை பிறப்பதற்கு முன், பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை, உலகநாதன் தங்கையைக் கைப்பிடித்துத் தெருவழியே கூட்டிவந்தார். மில் தெருவிலிருந்து பள்ளிக்கூடம் பத்து நிமிட நடைதான். அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பிரமு ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். குழாயடியில் தண்ணீர் விழுவதைப் பார்த்து நின்றாள், ஆட்டுக்குட்டியிடம் நின்றாள், வெயிலைப் பார்த்து நின்றாள். அவர் இழுக்கவில்லை. வாசலில் இருந்தவர்கள், "என்ன பிரமு, பள்ளிக்கூடத்துக்கா?" என்று கேட்டார்கள். அவள் சார்பில் அவர் ஒவ்வொருவருக்கும், "ஆமா, பள்ளிக்கூடத்துக்கு" என்று பதில் சொல்லச் சொல்ல, குழாயடியைத் தாண்டும்போது அவர் குரல் நிமிர்ந்துவிட்டது.

வகுப்பில் ஆவுடை தள்ளி உட்கார்ந்து பாயில் இடம் கொடுத்தாள். பிரமு உட்கார்ந்தாள். ரிஸ்வானா அவள் கையைத் தடவிப் பார்த்து, "பெரிய கை" என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். உலகநாதன் வெளியே வந்தார். ஆனால் போகவில்லை. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். லீவு முடிந்து பிள்ளையை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நிற்கும் தாய்மார்களுக்கு நடுவே, வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக அவரும் நின்று, கண்ணைத் துடைத்துத் துடைத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

பிரமு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள், அவர் நகர்வதாக இல்லை. கையை உயர்த்தி, கோழியை விரட்டுவதுபோல வீசினாள்.

"போ" என்றாள். "அண்ணே, போ."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு எட்டு வைத்துவிட்டு, மறுபடி வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், சாயங்காலம் எத்தன மணிக்கு விடுவிய?"